கட்டைவிரலுக்கு வந்த சேதி

பெங்களூரு
26 மார்ச் 2023

அன்புள்ள மச்சானுக்கு,

அனிட்டா எழுதுகிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்ஆப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருப்பதாக அக்கா சொன்னாள். தபால்காரரை அப்படித் தடுக்க முடியாது என்ற தைரியத்தில் இந்தக் கடிதம். படிக்கப் பிடிக்கவில்லை என்றால் கொட்டகையில் போடுங்கள், மாடாவது தின்னட்டும்.

நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் சான்ட்ரா அக்கா கூப்பிட்டு, "மச்சானுக்கு நாளைக்கு நரம்பு தைக்கிறாங்கடி, நீயும் ரெண்டு வார்த்தை சொல்லு" என்றாள். படித்து முடித்த நாளிலிருந்து நான் நரம்புச் செல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரெண்டு வார்த்தை என்றால் அதைப் பற்றித்தான் என்று நினைத்தேன். "வெட்டுப்பட்டு ரொம்ப நாள் ஆயிடுச்சு மச்சான், விரல் நுனியில பழைய உணர்ச்சி முழுசா வரும்னு எதிர்பார்க்காதீங்க, பாதி வந்தாலே பெரிசு, பிழைப்புக்கு வேற வழியும் யோசிச்சு வைங்க" என்றேன். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, வீடு நிறைய ஜெபக்கூட்டத்து ஆட்கள் முழங்காலில் நிற்கிறார்கள், மரியஅந்தோணி அண்ணன் ஜெபமாலையை நிறுத்திவிட்டு என்னுடைய ஜெபத்துக்காகக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? திடீரென்று சத்தமே இல்லாமல் போனதும் லைன் போய்விட்டதென்று ஹலோ ஹலோ என்று வேறு கத்தினேன்.

அந்த இடத்தில் அதைச் சொன்னதற்கு வருந்துகிறேன். சொன்ன விஷயத்துக்கு வருந்த முடியாது மச்சான், அது உண்மை. ஆனால் உண்மையின் மீதிப் பாதியைச் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். அதையும் கேளுங்கள்.

நரம்பு கரண்ட் ஒயர் மாதிரி, அறுந்த முனைகளை ஒட்டினால் விளக்கு எரியும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. வெட்டுக்கு அந்தப் பக்கம் விரல் வரைக்கும் போன இழை செத்துவிடும். அது ஓடிய குழாய் மட்டும் காலியாகக் கிடக்கும். டாக்டர் தைப்பது அந்தக் குழாயை. அதற்குள் மணிக்கட்டிலிருந்து புது இழை முளைத்து, விரல் நுனி வரைக்கும் தானாக நடந்து போக வேண்டும். பாகல் கொடியின் சுருள் எப்படிப் போகும்? முன்னால் நீட்டித் தடவும், பிடி கிடைத்தால் ஒட்டும், ஒட்டிய இடத்தில் ஊன்றித் தன்னை இழுத்துக்கொண்டு அடுத்த பிடியைத் தேடும். இழையின் நுனியும் அப்படித்தான். அது எதைக் கொண்டு ஒட்டுகிறது, எப்போது பிடியை விடுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கோழிக்குஞ்சின் நரம்பை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறேன். மனிதர் கையில் பார்த்ததில்லை.

கோழிக்குஞ்சு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. லாக்டவுன் தளர்ந்த நேரத்தில் இங்கே பண்ணைகள் மூடிக் கிடந்தன. கருக்கூடிய முட்டை கிடைக்காமல் என் வேலை நின்றே போய்விட்டது. நீங்கள் ஊர் ஊராக அலைந்து, சேவல் மிதித்த முட்டையாகப் பார்த்து வாங்கி, உமியில் அடுக்கி, கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தீர்கள். நான் கொடுத்த காபியைக் குடிக்கிறபோதுகூட அதைக் கீழே வைக்கவில்லை. என் முதல் பெரிய கட்டுரையில் உள்ள படங்கள் எல்லாம் அந்த முட்டைகளில் எடுத்தவை. சரியாக ஒரு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

இரண்டு விஷயம் மட்டும். இடது கையால் சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள், விரலுக்குத் தெரியாது. மாட்டுக்குப் போடும் சினை ஊசிக் குழல்கள் வைத்திருக்கும் நைட்ரஜன் கேனைத் தொடவே தொடாதீர்கள், அந்தக் குளிரும் தெரியாது.

அன்புடன்,
அனிட்டா

*

ஒரத்தநாடு
14 ஏப்ரல் 2023

அனிட்டாவுக்கு,

உன் கடிதத்தை மாடு தின்னவில்லை. சான்ட்ரா இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள், காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை, விழுந்தது.

உனக்கு உண்மை பெரிசு. எனக்கு அன்றைக்கு வேண்டியது உண்மை இல்லை அம்மா. பயத்தில் காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறவனிடம், முழங்காலில் நிற்கிற அத்தனை பேர் முன்னால், "முழுசா வராது" என்கிறாய். மரியஅந்தோணி அண்ணனுக்கு அடுத்த மந்திரமே மறந்துவிட்டது. இப்போது பூசைக்குப் போனால் ஆளாளுக்கு என் கையைப் பார்த்துவிட்டு, "கொழுந்தியா அப்புடி சொல்லிருச்சாமே" என்கிறார்கள். சித்திரை வெயிலை விட அதுதான் எரிச்சல்.

தை மாதம் ஒரு கிடேரி உதைத்துத் தள்ளியதில் கொட்டகைத் தகரம் மணிக்கட்டைக் கிழித்தது, அது உனக்குத் தெரியும். முதலில் காட்டின இடத்தில் தோலைச் சேர்த்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். விரல் மரத்துக் கிடந்ததை மருந்தின் வேகம் என்று நானும் விட்டுவிட்டேன். தஞ்சாவூருக்குப் போனபோதுதான் உள்ளே நரம்பு அறுந்து கிடப்பது தெரிந்தது. அதற்கு யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு நீதான் வசதியாகக் கிடைத்தாய்.

வேற வழி பார் என்று சொன்னாயே, என் வேலை என்ன என்று என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? மாட்டுக்குப் பின்னால் கை விடுகிற வேலை என்று வீட்டில் எல்லோரும் மூக்கைப் பிடிப்பீர்கள். இடது கையில் தோள் வரைக்கும் உறை போட்டு உள்ளே விடணும். குடலுக்கு அடியில் கருப்பைக் கழுத்து இருக்கும், கெட்டியாக, கோழிக் கழுத்துத் தடிமனில். குடல் சுவர் வழியாகவே அதைத் தடவிக் கண்டுபிடித்து, பிடித்து நிறுத்திக்கொண்டு, வலது கையால் ஊசிக் குழலைக் கீழ்வழியாக அதன் வாய்க்குள் கொண்டுபோகணும். ஒரு நெல் அகலம் தவறினால் சினை நிற்காது. உள்ளே வெளிச்சமா இருக்கிறது? விரல்தான் பார்க்கணும். அந்த விரல்தான் இப்போது குருடாகக் கிடக்கிறது. எனக்கு வயது நாற்பத்து நாலு. இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

பக்கத்து ஊர்களுக்கு ஊசி போடுகிற பஞ்சநதம்தான் இப்போது என் ஊர்களையும் சேர்த்துப் பார்க்கிறான். நல்லவன். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்வேன்.

பதில் போட வேண்டாம். போட்டால், அந்த இழை விரலுக்குப் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும் என்று மட்டும் எழுது.

கிளமென்ட்

*

பெங்களூரு
18 ஜூன் 2023

அன்புள்ள மச்சானுக்கு,

பதில் போட வேண்டாம் என்றதால் உடனே போடவில்லை. சும்மா சொல்கிறேன், இங்கே வேலை தலைக்கு மேல்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்பது பொதுக் கணக்கு. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு என்றால், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். நாற்று நட்டுவிட்டு மறுநாளே கதிரைத் தேடாதீர்கள். புது ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம், அக்கா சொன்னாள். வயலைப் பார்த்துக்கொண்டிருங்கள், கையைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள்.

உங்கள் வேலையைப் பற்றி எழுதியதை நான் பலமுறை படித்தேன். கேட்காதது தப்புதான். இனிமேல் கேட்பேன். நீங்களும் என் வேலையைக் கேளுங்கள், ஏனென்றால் இங்கேயும் கஷ்டகாலம். இழையின் நுனியில் ஒட்டுகிற புரதம் ஒன்று இருக்கிறது. அதைக் குறைத்துப் பார்த்தேன், நுனி பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு எங்கெங்கோ போனது. சரி, கூட்டிப் பார்ப்போம் என்று கூட்டினால், போட்ட இடத்திலேயே அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. இதைத் தாண்டி ஒரு வருஷமாக ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அடுத்த மாதம் பணம் கொடுக்கிற பெரியவர்கள் உட்கார்ந்து, இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பார்கள். போன தடவை நான் திருதிருவென்று விழித்தேன்.

போனில் பேசலாமே என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனில் நாம் இருவரும் சண்டைதான் போடுவோம். கடிதமென்றால் கோபம் வரும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதலாம்.

அனிட்டா

*

ஒரத்தநாடு
10 செப்டம்பர் 2023

அனிட்டாவுக்கு,

இந்தத் தடவை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கோபத்தில் இல்லை, பயத்தில்.

முதலில் சின்ன விஷயம். மாதா பிறந்தநாள் தேர்ப்பவனியில் எல்லோரும் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு போனோம். நான் பழக்கத்தில் இடது கையில் பிடித்துவிட்டேன். பாட்டுப் பாடிக்கொண்டே போகிறேன், மெழுகு உருகி விரல்மேல் வழிந்திருக்கிறது, திரி கடைசி வரைக்கும் எரிந்து சதையைத் தொட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் வந்த சகாயம்மாள் அக்கா அதைப் பார்த்து அழுதே விட்டது. மாதா என்னை நோகாமல் காப்பாற்றுகிறாளாம். சான்ட்ரா வந்து கையைத் தட்டிவிட்டு, "இதையும் அனிட்டா எழுதியிருந்தாளே, காதுல வாங்குனீங்களா" என்று தேர் நடுவிலேயே பிடித்துக்கொண்டாள். கொப்புளம் ஆறிவருகிறது.

பெரிய விஷயம் இனிமேல்தான். இரண்டு வாரமாக உள்ளங்கைக்குள் எறும்பு ஊர்கிறது. சும்மா ஊர்வது இல்லை, கட்டெறும்புக் கூட்டத்தில் கையை விட்ட மாதிரி. சட்டைக் கை பட்டால்கூட ஷாக் அடிக்கிறது. தையல் உள்ளே விட்டுப்போச்சு, நரம்பு அழுகுகிறது என்று மனதில் பட்டது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் பஞ்சநதத்தைக் கூப்பிட்டு, "என் கேனையும் நீயே எடுத்துக்க, ஊர்களையும் நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டேன். அவன், "பொங்கல் வரைக்கும் பொறு மாப்ள, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிப் போய்விட்டான். அவன் கண்ணிலும் நம்பிக்கை இல்லை.

டாக்டர் ஊரில் இல்லை, வர அடுத்த வாரம் ஆகும். எனக்கு அதுவரை தாங்காது. இங்கே யாரைக் கேட்டாலும் "எல்லாம் சரியாயிரும்" என்கிறார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. ஜெபக்கூட்டத்தில் முகத்தில் அடித்த மாதிரி சொன்னாயே, அதே மாதிரி சொல்லு. என் கை முடிந்துவிட்டதா?

கிளமென்ட்

*

பெங்களூரு
14 செப்டம்பர் 2023

மச்சான்,

முடிந்துபோகவில்லை. எறும்பு ஊர்ந்தால் இழை உயிரோடு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகப் பஞ்சநதம் அண்ணனிடம் போய்க் கேனைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்குங்கள்.

இளம் நுனிக்கு மேல் உறை கிடையாது. அதனால் எது பட்டாலும் துள்ளும். இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், என் புத்தியில் வரவில்லை. இப்படிச் செய்யுங்கள். வலது கை விரலால் மணிக்கட்டிலிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டே விரல் பக்கம் வாருங்கள். எந்த இடத்தில் தட்டினால் ஷாக் விரலுக்கு ஓடுகிறதோ, இழையின் நுனி அங்கே நிற்கிறது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தட்டிப் பார்த்து அடுத்த புள்ளி. புள்ளி விரலைப் பார்த்து நகர்ந்தால் நல்லது. ஒரு மாதத்துக்கு ஒரே இடத்தில் நின்றால் டாக்டரிடம் உடனே போக வேண்டும். அடுத்த வாரம் அவர் வந்ததும் எப்படியும் காட்டிவிடுங்கள். நான் டாக்டர் இல்லை.

நேராகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். இழை வந்து சேரும். ஆனால் உள்ளே நூற்றுக்கணக்கான குழாய்கள் இருக்கின்றன. தைத்த இடத்தில் எந்த இழை எந்தக் குழாய்க்குள் நுழைகிறது என்பது டாக்டர் கையிலும் இல்லை. சுட்டுவிரலுக்குப் போக வேண்டியது பிடி கிடைத்த வழியில் ஏறி வேறு விரலுக்குப் போய்விடலாம். அப்போது ஒன்றைத் தொட்டால் இன்னொன்றில் தெரியும். அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று பயப்படாதீர்கள். மாட்டுக்குள் கை விடுகிற அளவுக்கு உணர்ச்சி வருமா என்றால், எனக்குத் தெரியாது. வரும் என்று சொன்னால் அது பொய்.

நீங்கள் என்னிடம் கேட்டது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது மச்சான். ஆறு மாதமாக அந்த "ஹலோ ஹலோ" என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

அனிட்டா

*

ஒரத்தநாடு
21 ஜனவரி 2024

அன்புள்ள அனிட்டாவுக்கு,

இந்தத் தாளில் வரைந்திருப்பது என் இடது கை. தாள்மேல் வைத்து ஓரமாகப் பென்சிலை ஓட்டினேன். உள்ளே இருப்பது புள்ளிகள். கையில் வைத்தது குளித்தால் அழிந்துவிடும் என்பதால் சான்ட்ரா தாளிலும் வைத்துக்கொண்டே வந்தாள். நடவாள் பின்னால் போகிற மாதிரி ஒழுங்காகப் போயிருக்கிறது, பார். கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறபோது நடுவிரல் நுனியில் வைக்கோல் குத்தியது. குத்தியது தெரிந்தது. நான் குடிலுக்குள் தலையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. எல்லோரும் நட்சத்திரம் கட்டுகிறேன் என்று நினைத்தார்கள்.

ஆனால் நீ சொன்ன வினையும் கூடவே வந்துவிட்டது. சுட்டுவிரலால் எதைத் தொட்டாலும் கட்டைவிரலில் தெரிகிறது. உன் பாகல் கொடி பக்கத்து வீட்டுப் பந்தலில் ஏறிவிட்டது. சான்ட்ரா என் கண்ணைக் கட்டிவிட்டு நெல், உளுந்து, பொத்தான் என்று கையில் ஏதாவது வைத்துக் கேட்பாள். உளுந்தைப் பொத்தான் என்பேன், பொத்தானைக் காசு என்பேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

போன வாரம் கண்ணந்தங்குடி அமிர்தம் அக்கா கூப்பிட்டு அனுப்பியது. புருஷன் இல்லாத ஆள், ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு. எத்தனையோ தடவை ஊசி போட்டும் நிற்கவில்லை. இந்தப் பருவமும் தவறினால் விற்றுவிட வேண்டியதுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "கிளமென்ட் தம்பி கை ராசியான கை, அது வந்து போடட்டும்" என்று பிடிவாதம். பஞ்சநதத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். உறை போட்டுக் கையை விட்டேன். உள்ளே எல்லாமே ஒரே சதையாக, ஒரே குழப்பமாக இருந்தது. எங்கே பிடிக்கிறேன் என்றே தெரியவில்லை. மாடு முக்கியது. வியர்த்துக் கொட்டி, கையை எடுத்துவிட்டேன். பஞ்சநதம்தான் போட்டான். அமிர்தம் அக்கா, "அதனால என்ன தம்பி, நீ வந்ததே போதும்" என்றது. அந்த வார்த்தையை ஜீரணிக்க முடியவில்லை.

சட்டைப் பொத்தான் போட வருகிறது. சான்ட்ரா கையைப் பிடித்தால் அது சான்ட்ரா கை என்று தெரிகிறது. இதற்கே மாதாவுக்கும் டாக்டருக்கும் உனக்கும் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

கிளமென்ட்

*

பெங்களூரு
4 பிப்ரவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கை இப்போது என் மைக்ராஸ்கோப்புக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறது. நேற்று பெரியவர்கள் வந்து, யாருக்குப் பயன் என்று மறுபடியும் கேட்டார்கள். சுவரைக் காட்டி, "இது எங்க அக்கா வீட்டுக்காரர் கை, சுட்டுவிரல் சேதி கட்டைவிரலுக்குப் போகுது, ஏன்னு கேக்குறார்" என்றேன். ஒருவர் எழுந்து கிட்டே வந்து புள்ளிகளைப் பார்த்தார். பணத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள். என் ஆராய்ச்சி இன்னும் இரண்டு வருஷம் ஓடும்.

இப்போது உங்கள் பிரச்சினை. இழை ஏறின பந்தலை இனிமேல் மாற்ற முடியாது. மாற வேண்டியது மூளை. கட்டைவிரல் என்று சேதி வந்தால் அது சுட்டுவிரல் என்று மூளை பழக வேண்டும். பழகும், ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தால் பழகாது. அக்கா அவசரப்படுகிறாள். முதலில் கண்ணால் பார்த்துக்கொண்டே தொடுங்கள். பிறகு கண்ணை மூடித் தொடுங்கள். மறுபடி திறந்து பாருங்கள். உளுந்தும் பொத்தானும் போதாது, எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதையே தொட வேண்டும். மாட்டுக்குள் பார்த்துக்கொண்டே தொட வழியில்லை என்பதுதான் சிக்கல். அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அனிட்டா

*

ஒரத்தநாடு
12 மே 2024

அனிட்டாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், பஸ் டிரைவர் கையில் கொடுத்துத் தஞ்சாவூரில் தபாலில் போடச் சொல்லணும்.

நாங்கள் முதன்முதலில் பயிற்சிக்குப் போனபோது, மாட்டின் கருப்பையை அறுத்து மேஜையில் வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள். உன் கடிதம் வந்ததும் அது ஞாபகம் வந்தது. கறிக்கடை மீரா உசேன் பாயிடம் சொன்னேன். அவர் ஏன் எதற்கென்று கேட்காமல் வாரா வாரம் ஒன்றை எடுத்துவைத்து, கழுவிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டே தடவுவேன், கண்ணை மூடித் தடவுவேன். மேலே சாக்கைப் போட்டு மூடிவைத்துத் தடவுவேன். முதல் நாள் தெரியாமல் சான்ட்ராவின் இட்லிப் பானையில் வைத்துவிட்டேன். அதன் பிறகு நடந்ததை எழுத இந்தத் தாள் போதாது. அந்தப் பானை இப்போது என்னுடையது.

சொல்ல வந்தது வேறு. அமிர்தம் அக்கா மாடு பொங்கலுக்குப் போட்டதில் நிற்கவில்லை. அக்கா விற்க மனசில்லாமல் வைத்திருந்தது, மறுபடி பருவத்துக்கு வந்தது. இன்று காலையில் நான் போட்டேன். கழுத்து கட்டைவிரலில்தான் தெரிந்தது, கட்டைவிரல் சொன்னதைச் சுட்டுவிரல் என்று வைத்துக்கொண்டு பிடித்தேன். பிடித்தது சரிதானா என்று சத்தியம் செய்ய முடியாது. யாரிடமும் சொல்லாதே.

கிளமென்ட்

*

பெங்களூரு
19 மே 2024

மச்சான்,

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் மாடுதான் ஞாபகம் வருகிறது. என்ன ஆனாலும் எழுதுங்கள், நிற்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.

இட்லிப் பானைக்கு அக்காவுக்குப் புதுசு நான் வாங்கி வருகிறேன்.

அனிட்டா

*

ஒரத்தநாடு
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அனிட்டாவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டுவாய். எழுத ஒன்றும் இல்லை. மாடு மறுபடி பருவத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த மாடு அப்படி ஏற்கெனவே ஏமாற்றியிருக்கிறது. மூன்றாம் மாதமே கையை விட்டுப் பார்த்திருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை. பஞ்சநதம், "நான் பாத்துச் சொல்லட்டுமா" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அமிர்தம் அக்கா ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீரே ஆடியில்தான் வந்தது, நடவு எல்லாம் பின்தங்கிக் கிடக்கிறது, எல்லோரும் எதற்காவது காத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லணும், பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் எனக்குப் பழைய கையைக் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். நீயும் வரும் வரும் என்று சேர்ந்து சொல்லியிருந்தால், நான் இன்றைக்கும் அந்தப் பழைய கை வருமென்று உட்கார்ந்திருப்பேன். வந்த கையை, இது நம்முடையது இல்லை என்று தள்ளியிருப்பேன். பாதிதான் வரும், இடம் மாறி வரும் என்று நீ சொல்லிவைத்ததால்தான் வந்ததை எனக்கு அடையாளம் தெரிந்தது. இதை நேரில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். நன்றி அனிட்டா. உன்னை வைததற்கெல்லாம் சேர்த்து நன்றி.

இன்று பூசை முடிந்து நேராகக் கண்ணந்தங்குடிக்குப் போனேன். பஞ்சநதமும் வந்தான். நாலு மாதத்துக்கு மேல் சினையாக இருந்தால் கருப்பைக்குப் போகிற ரத்தக்குழாய் தடித்துவிடும். அதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தால், சாதாரண நாடி மாதிரி அடிக்காது. உள்ளே வாய்க்கால் மடை திறந்த மாதிரி கிர்ரென்று ஓடும். அது இருந்தால் சினை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஓட்டம் மிகவும் மெல்லிசு, நல்ல விரலுக்கே சில நாள் தப்பிவிடும்.

கையை விட்டேன். அமிர்தம் அக்கா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. தேடினேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போய், பக்கவாட்டில் திருப்பி, குழாயைச் சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் பிடித்தேன். விரல் இரண்டும் பேசவில்லை. ஆனால் எதையும் தொடாமல் சும்மா நின்ற கட்டைவிரலில் கிர்ரென்றது. கையை அசைக்காமல் நின்றேன். அது நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன தம்பி" என்றது அமிர்தம் அக்கா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பஞ்சநதம் தப்பாக நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டான். "இல்லைன்னா இல்லைன்னு சொல்லு தம்பி, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றது அக்கா.

"சினை நிக்குதுக்கா" என்றேன்.

அக்கா மாட்டின் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தது. பஞ்சநதம் என் முதுகில் ஒரு அடி வைத்தான். வேலை முடிந்துவிட்டது, கையை எடுத்திருக்கலாம். எடுக்க மனசு வரவில்லை அனிட்டா. இவன் இன்னும் என்ன பண்ணுகிறான் என்று மாடு திரும்பி என்னைப் பார்த்தது.

கிளமென்ட்